ஆற்றோர நடைபாதையில் விலங்குகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆற்றை ஒட்டிய ஓர் இயற்கைப் பகுதிக்குக் குடும்பத்தோடு இரண்டு முறை போயிருக்கிறீர்கள். நுழைவாயில் பலகையில் நீர்நாய், மீன்கொத்தி, ஆமை, உடும்பு என்று வரிசையாகப் படங்கள். நடைபாதையைக் கடைசிவரை நடந்து முடித்தும் ஒன்றிரண்டு கொக்குகளும் ஒரு நீர்க்காகமும்தான் தென்பட்டன. அடுத்த முறை எட்டு வயது மகளும், முழங்கால் வலி உள்ள உங்கள் அம்மாவும் உடன் வருகிறார்கள். எந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போனால் விலங்குகளைப் பார்க்கலாம் என்பது கேள்வி. தூரத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு: அங்கே இருக்கிற விலங்குகள் உங்கள் கண்ணுக்கு மட்டும் ஏன் தப்புகின்றன? ஆற்றுப் பறவைகளைக் கணக்கெடுப்பதிலும், புதியவர்களைக் கரையோரம் அழைத்துச் சென்று காட்டுவதிலும் பல ஆண்டுகள் கழித்தவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் நடந்தது குறைவாக இருந்ததால் தப்பவில்லை, அதிகமாக நடந்ததால்தான் தப்பின.

காட்டுக்குள் நடப்பதும் ஆற்றோரம் நடப்பதும் ஒன்றல்ல. காட்டில் விலங்குகள் எல்லாத் திசையிலும் பரவியிருக்கும். ஆற்றில் அவை நீரும் நிலமும் சந்திக்கிற அந்த ஒற்றைக் கோட்டை ஒட்டியே இருக்கும். நடைபாதையும் பெரும்பாலும் அதே கோட்டை ஒட்டித்தான் போடப்பட்டிருக்கும். ஆகவே நடந்துகொண்டே இருப்பவர் எல்லா உயிர்களையும் தமக்கு முன்னால் விரட்டிக்கொண்டே போகிறார். முதலில் ஓர் ஆள்காட்டிப் பறவை கத்திக்கொண்டு எழும்பும். அதன் குரல் கேட்டதும் நூறடி தள்ளியிருக்கும் உள்ளான் கிளம்பும். மரக்கட்டையில் வெயில் காய்ந்த ஆமை நழுவித் தண்ணீருக்குள் இறங்கிவிடும். நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது வெறும் கட்டைதான் மிதக்கும். ஒரு வளைவைத் தாண்டி அடுத்த வளைவுக்குப் போனாலும் இதே கதைதான், ஏனென்றால் எச்சரிக்கை உங்களுக்கு முன்பே அங்கே போய்விட்டது.

அதனால் என் முதல் யோசனை இது. பாதையில் அரைக் கிலோமீட்டருக்குள் நல்ல இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முக்கால் மணி நேரமாவது உட்கார்ந்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காது, பெரும்பாலானோர் எழுந்து போவதும் அப்போதுதான். ஆமைகளுக்கு உடலைச் சூடேற்ற வெயில் தேவை, தண்ணீருக்குள்ளேயே நெடுநேரம் இருந்துகொண்டு அதைச் சாதிக்க முடியாது. கரையில் அசைவு நின்றதும் முதலில் மூக்கு நுனி மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரும், பிறகு தலை, பிறகு கட்டைமேல் ஏறும். மீன்கொத்திக்கும் வழக்கமான அமர்கிளைகள் உண்டு. உங்களைக் கண்டு பறந்துபோனாலும் சற்று நேரத்தில் அதே கிளைக்கோ அதற்குப் பக்கத்துக் கிளைக்கோ திரும்பும். அந்தக் கிளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், கீழே இலையிலோ பாறையிலோ வெள்ளை எச்சம் கோடுகோடாக வழிந்திருக்கும்.

நல்ல இடம் எது என்பதற்கு ஆறே விடை சொல்லும். வளைந்து ஓடும் எந்த ஆற்றிலும் வளைவின் வெளிப்பக்கம் நீர் வேகமாக மோதும். அங்கே கரை அரிபட்டுச் செங்குத்தாக நிற்கும், ஆழமும் அங்கேதான் அதிகம். உள்பக்கம் வேகம் தணிந்து மணலும் வண்டலும் படியும், ஆழம் குறைந்து திட்டாக விரியும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செங்குத்தான மண் கரையில் வட்டமான துளைகள் தெரிந்தால் அவை மீன்கொத்தி, பஞ்சுருட்டான், மணல் தகைவிலான் போன்றவற்றின் கூடுகளாக இருக்கலாம். மீன்கொத்தி அலகால் மண்ணைக் கொத்தி, காலால் பின்னோக்கித் தள்ளி, நீண்ட சுரங்கம் தோண்டி அதன் முடிவில் முட்டையிடும். துளையின் வாயிலிருந்து வெண்மையான எச்சம் ஒழுகியிருந்தால் உள்ளே குஞ்சுகள் இருக்க வாய்ப்பு அதிகம். வளைவின் உள்பக்கம் உள்ள ஆழமற்ற ஓரத்தில் கொக்கு, நாரை, உள்ளான், வாலாட்டி ஆகியவை இரை தேடும். ஆகவே உள்பக்கத் திட்டுக்குச் சற்றுப் பின்னால், மர நிழலில், எதிர்க்கரையின் செங்குத்துச் சரிவு கண்ணுக்குத் தெரியும்படி உட்கார்ந்தால் இரண்டு உலகங்களும் ஒரே பார்வையில் அகப்படும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் தண்ணீர் கண்ணாடிபோல் மின்னும், பறவைகள் கறுப்பு உருவங்களாகவே தெரியும்.

ஓடை வந்து ஆற்றில் கலக்கும் இடமும், நீரில் சாய்ந்து விழுந்த பெருமரம் கிடக்கும் இடமும் இதேபோல நல்லவை. விழுந்த மரத்தைப் பலர் குப்பை என்று நினைக்கிறார்கள். அதன் அடியில் நீரோட்டம் தணிவதால் சிறுமீன்கள் ஒதுங்கும், மீன்கள் ஒதுங்குவதால் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வரும், மேலே ஆமைக்கு இடம் கிடைக்கும். கரை மரங்களின் நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. அவற்றின் உதிர்ந்த இலைகளை நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்கள் தின்கின்றன, அவற்றை மீன்கள் தின்கின்றன. மரம் அடர்ந்த கரையில் உயிர்கள் கூடுவதற்கு இதுதான் காரணம். சிமென்ட் போட்டு நேராக்கிய கரைப்பகுதியில் நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் எழுந்த பின் வரும் இரண்டு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் ஏற்றவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீர்நாய் விஷயத்தில் மட்டும் எந்த இனம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெற்காசியாவின் பெரிய ஆறுகளில் காணும் மென்மயிர் நீர்நாய் குடும்பமாகத் திரியும், பகலிலும் நன்றாக நடமாடும், கீச்சுக் குரல்களால் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை பரவியுள்ள யூரேசிய நீர்நாய் பெரும்பாலும் தனியாகவே திரியும், பல இடங்களில் இரவாடி. உங்கள் ஆற்றில் இருப்பது பின்னது என்றால், அதை நேரில் பார்க்காமல் திரும்புவதில் வியப்பே இல்லை. அதன் தடயத்தைத் தேடுங்கள். ஆற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளின் மேல், மீன் செதிலும் நண்டோட்டுத் துண்டும் கலந்த எச்சத்தை அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இட்டு வைக்கும். மற்ற நீர்நாய்களுக்கு அது விட்டுச்செல்லும் செய்தி அது. மீன்வாடை வீசும், பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

காற்றைப் பற்றி யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பறவைகள் உங்களைக் கண்ணால் கண்டுபிடிக்கின்றன, பாலூட்டிகள் மூக்கால் கண்டுபிடிக்கின்றன. காற்று உங்களிடமிருந்து விலங்கை நோக்கி வீசினால், எவ்வளவு ஓசையில்லாமல் நடந்தாலும் பயனில்லை. மலையடிவார ஆறு என்றால் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கு வழியே கீழ்நோக்கி நகரும், விடியற்காலையிலும் அப்படியே இருக்கும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் திசை மாறி மேல்நோக்கி வீசத் தொடங்கும். ஆகவே அதிகாலையில் நீரோட்டத்துக்கு எதிராக, மேல்புறம் நோக்கி நடந்தால் காற்று உங்கள் முகத்தில் படும், உங்கள் வாசனை பின்னால் போய்விடும். மாலையில் கீழ்நோக்கி நடப்பது நல்லது. சமவெளி ஆற்றில் இந்த ஒழுங்கை நம்ப வேண்டாம். ஒரு சிட்டிகை உலர்ந்த மணலைக் கைவிரலிலிருந்து உதிர்த்துப் பாருங்கள், அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போகிறது, நீங்கள் அதற்கு எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும்.

உடையின் நிறம் எவ்வளவு முக்கியம் என்று பலர் கேட்பார்கள். பச்சையும் பழுப்பும்தான் உடுத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை. பறவைகளுக்கு நம்மைவிட நுட்பமான நிறப்பார்வை உண்டு, பலவற்றுக்குப் புறஊதா ஒளியும் தெரியும். எனவே பளீர் வெள்ளையைத் தவிர்ப்பது தவறல்ல. ஆனால் என் அனுபவத்தில், மங்கலான உடையோடு கையை ஆட்டிப் பேசுபவரைவிட, சிவப்புச் சட்டையோடு அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதிகம் பார்க்கிறார். நிறம் இரண்டாவதுதான், அசைவுதான் முதலாவது. பைனாகுலர் வாங்குவதென்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி உள்ளது போதும். பத்து மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், குழந்தைக்கு அது ஒத்துவராது. துருவமுனைப்புக் கண்ணாடி, அதாவது போலராய்டு கறுப்புக் கண்ணாடி, நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைத்து உள்ளே நீந்தும் மீனைக் காட்டும். மகளுக்கு அது பெரிய மகிழ்ச்சியாக இருக்கும்.

இப்போது பாதுகாப்பு. இதில் பாதிப் பதில் உங்கள் ஆற்றைப் பொறுத்தது, அதை நான் பார்த்ததில்லை. எனவே எங்கும் பொருந்துபவற்றை மட்டும் சொல்கிறேன், மீதியை அங்குள்ள வனக்காவலரிடம் கேளுங்கள். முதலில், அரிபட்ட கரையின் விளிம்பில் யாரும் நிற்கக் கூடாது. மேலே புல் பச்சையாக இருக்கும், அடியில் நீர் குடைந்து மண்ணே இருக்காது. வளைவின் வெளிப்பக்கம் என்று சொன்னேனே, சரிவதும் அங்கேதான், விழுந்தால் ஆழமும் அங்கேதான். அடுத்தது, தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கிறது என்பதால் ஆறு அமைதியாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். மேல்புறம் எங்கோ பெய்த மழையும், அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் சொல்லாமல் வந்து சேரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, ஓசை கனமாவது, கரையோரக் கல் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்குவது ஆகிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பொருள்களை எடுக்கத் திரும்பி இறங்க வேண்டாம். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்க்கப் போதும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய காரையே இழுத்துச் செல்லும். இதனால்தான் நடு ஆற்றுத் திட்டுக்கு நடந்து போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

முதலை உள்ள ஆறு என்றால் மணலில் உட்காரும் யோசனையை அப்படியே விட்டுவிட்டு, காட்சிக் கோபுரத்திலோ வேலியிட்ட மேடையிலோ மட்டும் இருங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முதலைப் பகுதிகளில் நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளியே நிற்கச் சொல்கிறார்கள். உவர்நீர் முதலைக்குச் சொன்னது அது, மற்ற முதலைகள் உள்ள இடத்திலும் அதையே கடைப்பிடிப்பதில் நட்டமில்லை. குழந்தை குனிந்து தண்ணீரைத் தொடுவது, கரையில் கை கழுவுவது இரண்டும் வேண்டாம். நீண்டு மெலிந்த மூக்குடைய கரியல் என்ற முதலை வகை மீன் தின்னி, மனிதரைத் தேடி வருவதில்லை. ஆனால் அது இருக்கும் ஆற்றில் சதுப்புநில முதலையும் இருக்கக்கூடும், நீரில் தெரியும் இரண்டு கண்களை வைத்து எது என்று பிரித்தறிய உங்களால் முடியாது. கரடியோ யானையோ நடமாடும் இடத்தில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பாறைகளில் இரைந்து ஓடும் நீரின் பக்கத்தில் உங்கள் காலடி ஓசை விலங்குக்குக் கேட்காது, அதன் ஓசை உங்களுக்கும் கேட்காது. திடீரென்று நேருக்கு நேர் சந்திப்பது இப்படித்தான் நடக்கிறது. அத்தகைய இடங்களில் மட்டும் மௌனத்தைக் கைவிட்டு, பேசிக்கொண்டே நடப்பதுதான் சரி.

நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்வது மணல் திட்டுகளைப் பற்றி. கோடையில் நீர் வற்றி வெளிப்படும் திட்டுகள் நடப்பதற்கு அழகாக இருக்கும். அவற்றில்தான் ஆற்று ஆலாக்களும் ஆள்காட்டிகளும் உப்புக்கொத்திகளும் முட்டையிடுகின்றன. கூடு என்று எதையும் கட்டுவதில்லை. மணலில் ஒரு சிறு குழி, அதில் கூழாங்கல் நிறத்தில் முட்டைகள், அவ்வளவுதான். காலடிக்குக் கீழே இருந்தாலும் தெரியாது. சுடும் மணலில் தாய்ப்பறவை அடைகாப்பது முட்டையைச் சூடாக்குவதற்கு அல்ல, வெயிலிலிருந்து மறைப்பதற்கு. சில பறவைகள் போய் வயிற்று இறகை நீரில் நனைத்துவந்து முட்டைமேல் அமர்ந்து குளிர்விக்கும். நீங்கள் திட்டில் நின்று படம் எடுக்கும் நேரம் முழுவதும் அந்தப் பறவை மேலே வட்டமடித்துக் கத்திக்கொண்டிருக்கும், முட்டை வெயிலில் வெந்துகொண்டிருக்கும். ஒரு பறவை உங்கள் தலைக்கு மேலே வந்து வந்து தாழப் பறந்தாலோ, சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு தத்தினாலோ, பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். தேடிப் பார்க்காதீர்கள், வந்த தடத்திலேயே திரும்பிப் போங்கள். இதேபோல, இரை தேடும் பறவை தலையைத் தூக்கி அசையாமல் நின்றால் நீங்கள் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். இன்னும் ஓரடி வைத்தால் அது பறக்கும். கைபேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், ட்ரோன் விடுவதும், கூடு இருக்கும் இடத்தின் வரைபடக் குறியோடு படம் பகிர்வதும் வேண்டாம்.

மகள் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார மாட்டாள் என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கான நேரம் வேறு. காலை பத்து மணிக்கு மேல், பறவைகள் ஓய்ந்து வெயில் ஏறியதும், பூச்சிகளின் வேளை தொடங்குகிறது. ஈர மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சுவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆண்கள்தான், மண்ணிலுள்ள சோடியம் போன்ற உப்புகளுக்காக வருகின்றன. நீரோரத் தண்டுகளில் தட்டானின் இளம்பருவம் ஏறி, தோலை உரித்துவிட்டுப் பறந்துபோன பிறகு, அந்தக் காலிக் கூடு தண்டைப் பற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் குழந்தைகளுக்கு இணையானவர்களை நான் பார்த்ததில்லை. இறக்கையை விரித்தபடி உட்காருவது தட்டான், பெரும்பாலும் உடலோடு சேர்த்து மடக்கி உட்காருவது ஊசித்தட்டான் என்று சொல்லிக்கொடுங்கள், அதன்பின் அவளே உங்களுக்குக் காட்டுவாள். வண்டல் படிந்த ஓரத்தில் முந்தைய இரவின் தடங்கள் இருக்கும். பூனைக் குடும்பத்தின் தடத்தில் நான்கு விரல், நகம் பதியாது. நாய், நரியில் நான்கு விரலோடு நகமும் பதியும். நீர்நாயில் ஐந்து விரல். உடும்பு நடந்த இடத்தில் கால்தடங்களுக்கு நடுவே வால் இழுபட்ட கோடு இருக்கும். கற்களைப் புரட்டவோ அடுக்கவோ விட வேண்டாம். அவற்றின் அடிப்பகுதியில்தான் நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்கள் ஒட்டி வாழ்கின்றன.

அம்மாவுக்காகத் தனித்திட்டம் தேவையில்லை. இந்த முறையில் உங்கள் குழுவிலேயே அதிகம் பார்க்கப்போகிறவர் அவராகத்தான் இருப்பார், ஏனென்றால் எழுந்து நடக்கும் அவசரம் அவருக்கு இருக்காது. முதுகு சாய்க்க வசதியுள்ள மடிப்பு நாற்காலி ஒன்று எடுத்துப்போங்கள். மரப்பலகை நடைபாதை ஈரமாக இருந்தால் பாசி வழுக்கும், கைப்பிடி உள்ள பக்கமாக அவரை நடக்கவிடுங்கள். கிளம்புமுன் ஈபேர்ட் தளத்தில் அந்த இடத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதம் எந்தப் பறவை பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். அது பலர் தாமாகத் தரும் பதிவுகளின் தொகுப்பு, ஆட்கள் அதிகம் போகும் மாதத்தில் பட்டியலும் நீண்டிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நுழைவாயிலில் வனக்காவலரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த வாரம் நீர்மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா, முதலை எந்தப் பகுதியில் இருக்கிறது, நீர்நாயின் எச்சத்தைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் ஒரு பாறையைக் காட்டினால், பாதுகாப்பான தூரத்தில் அதற்கு எதிரே உட்காருங்கள். முதல் நாள் எதுவும் வராவிட்டால் இடத்தை மாற்றாமல் நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் அடுத்த முறை மாலையில் உட்காருங்கள்.